சோதிக்காத குழந்தை கணக்கில் வருமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து அறுபத்தொரு வயதுப் பாட்டி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

கடந்த ஏப்ரலில் அவருடைய மகளின் பத்து வாரக் கைக்குழந்தைக்கு இருமல் வந்தது. மூன்றாம் நாள் பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. மூச்சு விடும்போது விலாவுக்கு நடுவே சதை உள்ளே இழுத்தது. அரசு மருத்துவமனையில் சேர்த்து நான்கு நாள் மூக்குக் குழாய் வழியாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். “பிராங்கியோலைட்டிஸ், வைரஸால் வருவது” என்றார்கள். எந்த வைரஸ் என்று யாரும் சொல்லவில்லை, ஆன்டிபயாடிக்கும் தரவில்லை. இரண்டாம் நாள் ஆய்வுச் செவிலியர் ஒருவர் வந்து, குழந்தையின் மூக்கிலிருந்து சளி மாதிரி எடுக்க அனுமதி கேட்டார். “பிள்ளை மேல் ஆராய்ச்சி செய்ய விடாதே” என்று இவரே மகளைத் தடுத்துவிட்டார். அதே மாதம் உம்லாங்காவில் இருக்கும் மகனின் இரண்டு வயதுக் குழந்தைக்கும் சளியோடு மூச்சிரைப்பு வந்தது. அவர்களுக்கு மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு உண்டு. தனியார் மருத்துவமனையில் ஒரே இரவு. ஆனால் கையில் ஓர் அறிக்கை. அதில் ரைனோவைரஸ், அடினோவைரஸ், போக்காவைரஸ் என்று மூன்று பெயர்கள்.

“பணம் உள்ளவன் பிள்ளைக்கு மூன்று வைரஸ் கண்டுபிடிக்கிறார்கள், என் பிள்ளைக்கு ஒன்றுகூடக் கண்டுபிடிக்கவில்லை” என்று மகள் அண்ணனோடு பேசாமல் இருக்கிறாராம். இதற்கிடையே, பிராங்கியோலைட்டிஸை அதிகம் உண்டாக்கும் வைரஸான ஆர்.எஸ்.வி. உறுதியான குழந்தைகள் என்று செய்தித்தாளில் ஓர் எண் வந்திருக்கிறது. “எங்கள் வார்டிலேயே ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். நாடு முழுவதற்கும் இவ்வளவுதானா? மறைக்கிறார்களா? எங்கள் பிள்ளை அந்தக் கணக்கில் இருக்கிறானா?” என்று கேட்கிறார். மருமகள் இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி; அவருக்கு ஏதாவது தடுப்பூசி உண்டா என்பது அடுத்த கேள்வி. இன்னும் ஒரு சின்னக் கேள்வியும் இருக்கிறது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

அம்மா, முதலில் வீட்டுச் சண்டையை எடுத்துக்கொள்கிறேன். அது தீர்ந்தால்தான் மற்றதை நிதானமாகப் பேச முடியும். உங்கள் மகளின் குழந்தைக்குக் கிடைத்த சிகிச்சை சரியானது. பிராங்கியோலைட்டிஸ் என்பது நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக் குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபடும் நோய். மருத்துவர் குழந்தையைப் பார்த்தும், மூச்சை எண்ணியும், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுமே அதைக் கண்டுபிடிக்கிறார். ஆக்சிஜன், மூக்கைச் சுத்தம் செய்தல், பால் இறங்காவிட்டால் குழாய் வழியாகக் கொடுத்தல், பொறுமை: மருந்து இவ்வளவுதான். வைரஸின் பெயர் தெரிந்திருந்தாலும் அந்த நான்கு நாளில் எதுவும் மாறியிருக்காது. ஆன்டிபயாடிக் தராததைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வேன். கூட்டம் நிரம்பி வழியும் வார்டில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஊசியைப் போட்டுவிடுவது எளிது. அந்த இளம் மருத்துவர் அதைச் செய்யவில்லை. ஒரே கட்டிலில் இரண்டு குழந்தைகளைப் படுக்க வைத்தது வேறு விஷயம். அது தவறு, ஒரு குழந்தையின் வைரஸ் மற்றதற்கு ஒட்டும் வழி அது. எழுத்தில் புகார் கொடுக்க வேண்டுமென்றால் அதற்குக் கொடுங்கள்.

மகனின் குழந்தைக்குக் கிடைத்த அறிக்கையைப் பார்த்து யாரும் பயப்படவும் வேண்டாம், பொறாமைப்படவும் வேண்டாம். அந்தப் பி.சி.ஆர். சோதனை ஒரே மாதிரியில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கிருமிகளைத் தேடும். கிருமியின் மரபணுத் துணுக்கு இருந்தால் போதும், இருக்கிறது என்று சொல்லிவிடும். அது இன்றைய நோய்க்குக் காரணமா, மூன்று வாரத்துக்கு முன் வந்துபோன சளியின் மிச்சமா என்று அதற்குத் தெரியாது. ரைனோவைரஸும் போக்காவைரஸும் நோய் தீர்ந்த பிறகும் வாரக்கணக்கில் மூக்கில் தங்கக்கூடியவை. நன்றாக ஓடி விளையாடும் இரண்டு வயதுக் குழந்தைகளின் மூக்கைச் சோதித்தாலும் இவை அடிக்கடி கிடைக்கும். மூன்று பெயர் வந்ததால் மூன்று மடங்கு நோய் என்று பொருள் இல்லை. ஆக, ஒரு குழந்தைக்கு அறிக்கையே இல்லை, இன்னொரு குழந்தையின் அறிக்கை அளவுக்கு அதிகமாகச் சொல்கிறது. நாட்டுக் கணக்கின் சிக்கலும் இதேதான்.

எண் ஏன் சிறியதாக இருக்கிறது

செய்தித்தாளில் நீங்கள் பார்த்தது நாட்டில் ஆர்.எஸ்.வி.யால் நோயுற்ற குழந்தைகளின் எண்ணிக்கையாக இருக்க வழியில்லை. குறிப்பிட்ட சில மருத்துவமனைகளில், குறிப்பிட்ட விதிப்படி சேர்க்கப்பட்டு, மூக்கு மாதிரி எடுக்கப்பட்டு, சோதனையில் உறுதியான குழந்தைகளின் எண்ணிக்கை அது. நம் நாட்டில் தேசியத் தொற்றுநோய் நிறுவனமான என்.ஐ.சி.டி. 2009 முதல் இதற்கெனத் தேர்ந்தெடுத்த சில மருத்துவமனைகளில் நிமோனியா கண்காணிப்பை நடத்துகிறது. நம் மாகாணத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் எடெண்டேல் மருத்துவமனை அதில் ஒன்று. எல்லா மருத்துவமனைகளிலும் எல்லாக் குழந்தைகளையும் சோதிப்பது அதன் நோக்கமே இல்லை. பருவம் எப்போது தொடங்குகிறது, எந்த வயதினர் அதிகம், எத்தனை சதவீதம் என்பதை அறியவே அது. எனவே யாரும் எதையும் மறைக்கவில்லை. அந்த எண்ணை நாட்டின் மொத்தம் போல அச்சிட்டவர் மேல் வேண்டுமானால் கோபப்படலாம், நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

குழந்தைகள் நழுவிப்போகும் ஓட்டைகள் பல. காய்ச்சலும் இருமலும் சேர்ந்திருந்தால்தான் கணக்கில் எடுப்போம் என்ற விதி ஃப்ளூவைக் கண்காணிக்க உருவானது. ஆர்.எஸ்.வி. வந்த கைக்குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சலே இருக்காது. பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு இருமல்கூட இல்லாமல் மூச்சு நின்று நின்று வருவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். காய்ச்சலைக் கட்டாயமாக்கினால் ஆபத்து அதிகமுள்ள சிசுக்களே விடுபட்டுப்போகும். ஆர்.எஸ்.வி. கண்காணிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் காய்ச்சல் நிபந்தனையைக் கைவிட்டதற்குக் காரணம் இதுதான். சனி, ஞாயிறு, இரவு நேரங்களில் மாதிரி எடுக்க ஆள் இருப்பதில்லை. நோய் வந்து நாள் கழித்து எடுத்த மாதிரியில் வைரஸ் குறைந்துபோயிருக்கும். தனியார் மருத்துவமனைக்குப் போன குழந்தைகள் அரசுக் கணக்கில் வருவதில்லை. எல்லாவற்றிலும் கொடியது, மருத்துவமனைக்கே வந்து சேராமல் வீட்டில் இறந்துபோகும் குழந்தைகள். ஜாம்பியாவின் லுசாகாவில் இறந்த சிசுக்களின் மூக்கைச் சோதித்த ஆய்வில், ஆர்.எஸ்.வி. கண்டறியப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் மருத்துவமனைக்கு வெளியே இறந்தவர்கள் என்று தெரியவந்தது.

அப்படியென்றால் உண்மை எண்ணை எப்படி அறிகிறார்கள்

இங்கேதான் உங்கள் முக்கியக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நீங்கள் மறுத்து அனுப்பிய அந்தச் செவிலியர், வாசலைத் தாண்டியதும் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதியிருப்பார்: தகுதியுள்ள குழந்தை, வயது மூன்று மாதத்துக்குள், ஆண், சேர்க்கவில்லை, காரணம் குடும்பத்தார் மறுப்பு. ஒழுங்காக நடத்தப்படும் கண்காணிப்பு எதுவானாலும் இந்தப் பதிவேட்டை வைத்திருக்கும். சேர்த்தவர்களைவிடச் சேர்க்காதவர்களின் பட்டியல்தான் உண்மை எண்ணுக்குப் பாலம்.

புரிவதற்காக நானே எண்களைக் கற்பனை செய்து சொல்கிறேன். ஒரு மாதத்தில் 100 குழந்தைகள் மூச்சுத் திணறலோடு சேர்க்கப்படுகிறார்கள். 60 பேரிடம் மாதிரி எடுக்க முடிந்தது, 24 பேருக்கு ஆர்.எஸ்.வி. உறுதியானது. செய்தித்தாள் 24 என்று போடும். ஆய்வாளர், 60-க்கு 24 என்றால் 40 சதவீதம், மீதி 40 குழந்தைகளிலும் அதே விகிதம் இருந்திருக்கும், ஆகவே 100-க்கு 40 என்பார். சோதிக்காத உங்கள் பேரன் அந்த மீதி 40-இல் இருக்கிறான், பெயர் இல்லாமல்; கூடுதல் 16 வந்தது அவர்களிடமிருந்துதான். ஆனால் கவனம் தேவை. சோதிக்காதவர்களும் சோதித்தவர்களைப் போன்றவர்களே என்ற நம்பிக்கையில் நிற்கும் கணக்கு இது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போன சிசுக்களிடமும், சேர்த்த சில மணி நேரத்தில் இறந்தவர்களிடமும் மாதிரி கேட்க யாருக்கும் மனம் வராது. அவர்களை ஓரிரவு தங்கிப்போன குழந்தையோடு ஒன்றாக வைக்க முடியாது. அதனால் வயது, மாதம், நோயின் கடுமை எனத் தனித்தனியாகப் பிரித்துப் பெருக்க வேண்டும். பிறகு, அந்த வட்டாரத்தில் நோயுற்ற குழந்தைகளில் எத்தனை பேர் இந்த மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்ட விவரத்தை வைத்து இன்னொரு முறை சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஓர் ஊகம் உண்டு. ஆகவே நல்ல ஆய்வு ஒற்றை எண்ணைத் தராது. இதிலிருந்து இது வரை என்று ஒரு வீச்சைத் தரும். வீச்சு இல்லாத மதிப்பீட்டை நான் நம்புவதில்லை.

கூட்டுவது போலவே கழிக்கவும் வேண்டும். உங்கள் மகன் வீட்டு அறிக்கை அதற்குத்தான் உதாரணம். நோயுற்ற 100 குழந்தைகளில் 25 பேரிடம் ரைனோவைரஸ் கிடைக்கிறது என்று வையுங்கள். அதே ஊரில் நலமாக இருக்கும் 100 குழந்தைகளில் 20 பேரிடமும் அது இருந்தால், 25 பேரின் நோயையும் அதன் தலையில் கட்டுவது அநியாயம். கணக்குப் போட்டால் ஐந்தாறு பேர் அளவுக்கே பொறுப்பு வரும். ஆர்.எஸ்.வி. அப்படி இல்லை. நலமான குழந்தைகளிடம் அது அரிது, கிடைத்தால் பெரும்பாலும் குற்றவாளி அதுவே.

ஏழு நாடுகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ‘பெர்ச்’ ஆய்வு இப்படித்தான் நோயுற்றவர்களையும் நலமானவர்களையும் ஒப்பிட்டது. நம் நாட்டின் சொவெட்டோ அதன் களங்களில் ஒன்று. எச்.ஐ.வி. இல்லாத, எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்த குழந்தைகளில் சுமார் 31 சதவீதத்தினருக்கு ஆர்.எஸ்.வி.யே காரணம் என்று 2019-இல் முடிவு வெளியானது. வேறெந்தக் கிருமியும் அதன் அருகில்கூட வரவில்லை. உலக அளவில் 2019-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 36 லட்சம் மருத்துவமனை அனுமதிகள், ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட இறப்புகள் என்கிறது. அவற்றில் மருத்துவமனைக்குள் நிகழ்ந்தவை சுமார் 26 ஆயிரம் மட்டுமே. வீட்டில் இறந்தவர்களைப் பற்றி மேலே சொன்னதோடு இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சான்று வேறு திசையிலிருந்து வந்தது. சொவெட்டோவில் சுமார் 40 ஆயிரம் குழந்தைகளோடு நியூமோகாக்கஸ் தடுப்பூசி ஆய்வு ஒன்று நடந்தது. அது பாக்டீரியாவுக்கு எதிரான ஊசி. ஆனால் ஊசி போட்ட குழந்தைகளில், வைரஸ் கண்டறியப்பட்ட நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்வதும் 31 சதவீதம் குறைந்திருந்தது. வைரஸ் கதவைத் திறக்க, பாக்டீரியா உள்ளே நுழைகிறது என்பதை அது காட்டியது. வைரஸா பாக்டீரியாவா என்று ஒரே பெயரை எழுதச் சொல்லும் படிவங்கள் இரண்டின் சுமையையும் தவறாகவே காட்டும். தென்னாப்பிரிக்கா 2009-இல் நியூமோகாக்கஸ் தடுப்பூசியை எல்லாக் குழந்தைகளுக்கும் கொண்டுவந்தது. உங்கள் பேரப்பிள்ளைகளின் மருத்துவ அட்டையில் அது போடப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

உங்கள் மறுப்பும் உங்கள் உரிமையும்

சளி மாதிரிக்கு மறுத்தது உங்கள் மகளின் உரிமை. ஒப்புதல் இல்லாமல் யாரையும் மருத்துவ, அறிவியல் ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. நம் சமூகத்தின் முதியவர்களுக்கு இந்த நாட்டில் வெள்ளைக் கோட்டைப் பார்த்துச் சந்தேகம் வருவதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் மாதிரி எடுக்கும் அந்தக் குச்சி எந்த மருந்தையும் உள்ளே செலுத்துவதில்லை. சில விநாடி எரிச்சல், ஒரு தும்மல், அழுகை, முடிந்தது. “சோதிக்கவில்லை” என்று உங்கள் மகள் அண்ணனிடம் சொல்லும்போது, சோதிக்க வந்தவரைத் திருப்பி அனுப்பியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? அதை அவர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை யாராவது கேட்டால் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். மாதிரியை எதற்குப் பயன்படுத்துவீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா, மறுத்தால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா? கடைசிக் கேள்விக்கு மாறாது என்பதைத் தவிர வேறு பதில் இருக்கக் கூடாது. 2003-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டப்படி நோய், சோதனை, சிகிச்சை பற்றி முடிந்தவரை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் பெற உங்களுக்கு உரிமை உண்டு. “வைரஸ்” என்ற ஒரே சொல்லோடு நிறுத்தியவர்கள் அதில் குறை வைத்தார்கள். டிஸ்சார்ஜ் குறிப்பின் நகலை மகள் கேட்டுப் பெறலாம். பின்னால் குழந்தைக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வந்தால் அது உதவும். முதல் வயதில் ஆர்.எஸ்.வி.யால் கடுமையாக நோயுற்ற குழந்தைகளில் சிலருக்கு மூச்சிரைப்பு திரும்பத் திரும்ப வருவதை நம் நாட்டிலேயே, பார்ல் நகரக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த டிராக்கன்ஸ்டைன் ஆய்வு காட்டியிருக்கிறது. அப்படி வந்தால் எல்லோருக்கும் ஆஸ்துமா என்று பொருள் இல்லை. காட்டிப் பார்க்க வேண்டும் என்றே பொருள்.

குளிர்ந்த நீரில் குளிப்பாட்டியதால் வந்ததோ என்று உங்களையே நொந்துகொண்டிருக்கிறீர்கள். இல்லை. அது மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது. பெரும்பாலும் சளி பிடித்த அண்ணனோ அக்காவோ கொண்டுவருவார்கள். ஆனால் மூக்கில் எண்ணெய் விட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதை நிறுத்திவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் தனி நோய். கைக்குழந்தையின் மூக்கருகே கற்பூரமும் வேண்டாம்.

மருமகளுக்குத் தடுப்பூசி

ஆர்.எஸ்.வி.க்குக் கர்ப்பிணித் தாய்க்குப் போடும் தடுப்பூசி வந்துவிட்டது. தாயின் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போய்ச் சேரும். தென்னாப்பிரிக்கத் தாய்மாரும் பங்கேற்ற பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது: கடுமையான நோயைப் பிறந்த முதல் 90 நாளில் சுமார் 82 சதவீதமும், 180 நாள் வரை சேர்த்துப் பார்த்தால் சுமார் 69 சதவீதமும் தடுத்தது. அந்த ஆய்வில் தடுப்பூசி பெற்றவர்களிடையே குறைமாதப் பிரசவம் சற்றே அதிகமாகத் தெரிந்தது. வேறுபாடு தற்செயலானதாகவும் இருக்கலாம் என்ற அளவிலேயே நின்றது. முன்னெச்சரிக்கையாகச் சில நாடுகள் கர்ப்பத்தின் பிற்பகுதிக்குத் தள்ளிப் போடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 28 வாரத்துக்குப் பிறகு போடலாம் என்கிறது. மருமகளுக்கு முன்பு குறைமாதப் பிரசவம் ஆகியிருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆனால் உங்கள் வீட்டு நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ஐந்து மாதம் என்றால் பிரசவம் அக்டோபரில். நம் நாட்டில் ஆர்.எஸ்.வி. பருவம் வழக்கமாக பிப்ரவரியில் தொடங்கி, ஃப்ளூவுக்கு முன்னதாக வந்து, குளிர்காலம் வரை நீடிக்கும். பருவம் தொடங்கும்போது குழந்தைக்கு நான்கு மாதம் ஆகியிருக்கும். தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு அப்போது தேய்ந்துகொண்டிருக்கும். ஜனவரியில் பிறக்கும் குழந்தைக்கு இந்த ஊசி தரும் பலன் அக்டோபர் குழந்தைக்கு அப்படியே கிடைக்காது. நிர்செவிமாப் என்ற நேரடி எதிர்ப்புப் பொருள் ஊசியைப் பருவம் தொடங்கும் முன் குழந்தைக்கே போடுவது இன்னொரு வழி. ஒரே ஊசி ஐந்து மாதமாவது காக்கும். உங்கள் மகன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: இரண்டில் எது இங்கே இப்போது கிடைக்கிறது, அக்டோபர் பிரசவத்துக்கு எது பொருந்தும், மெடிக்கல் எய்ட் எவ்வளவு தரும். என்னைக் கேட்டால், குழந்தைக்குப் போடும் ஊசி கிடைக்குமானால் அதையே தேர்வேன். கிடைக்காவிட்டால் தாய்க்கான ஊசி. ஓரளவு பாதுகாப்பு, ஒன்றுமில்லாததைவிட மேல். ஃப்ளூ தடுப்பூசியை மட்டும் யோசிக்காமல் இந்த மாதமே மருமகள் போட்டுக்கொள்ளட்டும். சொவெட்டோவில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில் அது தாய், சேய் இருவரையும் காத்தது.

மகள் இன்னொரு குழந்தைக்குத் திட்டமிட்டால் அவருக்கு என்ன வழி என்றும் கேட்பீர்கள். அரசு இலவசமாகத் தர வேண்டுமானால், எத்தனை அனுமதிகளும் இறப்புகளும் தடுக்கப்படும் என்று நிதி அமைச்சகத்திடம் காட்ட வேண்டும். குறைந்த வருமான நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்க உதவும் ‘காவி’ அமைப்பின் உதவி பெறும் பட்டியலில் தென்னாப்பிரிக்கா இல்லை. வாங்குவதை நாமே வாங்க வேண்டும். அங்கே மேசையில் வைக்கப்படும் எண் 24-ஆ, 40-ஆ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடைசியில் கேட்ட சின்னக் கேள்வி

அடுத்த ஈஸ்டருக்கு மவுண்ட் எஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் புதுக் குழந்தையைத் தூக்கிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கூட்டம் எனக்குத் தெரியும், அது வைரஸ் பருவத்தின் நடுப்பகுதி என்பதும் தெரியும். வேண்டுதல் இருந்தால் நீங்களும் மகனும் போய் நிறைவேற்றுங்கள், குழந்தை தாயோடு வீட்டில் இருக்கட்டும். கூட்டம் வடிந்த ஒரு வாரநாள் காலையில் அழைத்துப் போங்கள், யாருக்கும் சளி இல்லாத நாளாகப் பார்த்து. திருவிழாவிலிருந்து திரும்பியவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தொட வேண்டும். ஆயா என்பதற்காக உங்களுக்கும் விலக்கு இல்லை. அந்த மாதங்களில் எந்தப் பேரப்பிள்ளைக்காவது மூச்சு வேகமாகி விலா உள்ளே இழுத்தாலோ, வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூட இறங்காவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ, மூச்சு இடையிடையே நின்றாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பது எந்த மருத்துவமனையோ அங்கேயே போங்கள். அவசரச் சிகிச்சையை எந்த மருத்துவமனையும் மறுக்க முடியாது, மெடிக்கல் எய்ட் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.